நியூட்ரலும் கிரவுண்டும் சேரும் இடம் ஒன்றுதான்

அமெரிக்காவில் சொந்த வீட்டில் வசிக்கும் வாசகர்கள் அனுப்பிய மின்சாரக் கேள்விகளில் நியூட்ரல், கிரவுண்ட் பற்றியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். படிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டால் பேனல் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) முழுவதும் செத்துவிடும் என்று நினைத்துக் கை வைக்காதீர்கள். மீட்டரிலிருந்து வந்து மெயின் பிரேக்கரில் ஏறும் இரண்டு தடித்த வயர்களிலும் அவற்றைப் பிடித்திருக்கும் முனைகளிலும் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதை நிறுத்துவது மின் நிறுவனத்தின் வேலை. பேனலுக்குள் செய்ய வேண்டியவற்றை உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியனிடம் விடுங்கள். அவரிடம் எதைக் கேட்பது, அவர் செய்து முடித்ததில் எதைப் பார்ப்பது என்பதற்குத்தான் கீழே உள்ளவை.

எங்கள் மெயின் பேனலில் வெள்ளை வயர்களும் வெறும் செம்பு வயர்களும் ஒரே பட்டையில் கலந்து இருக்கின்றன. வீட்டைப் பார்த்த இன்ஸ்பெக்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கராஜில் உள்ள சப்-பேனலில் (மெயின் பேனலிலிருந்து மின்சாரம் பெறும் துணைப் பேனல்) அதே மாதிரி இருப்பதை மட்டும் தவறு என்று எழுதியிருக்கிறார். ஒரே வேலை ஓரிடத்தில் சரி, இன்னோர் இடத்தில் தவறா? (நியூ ஜெர்சி வாசகர்)

ஆம், இன்ஸ்பெக்டர் சரியாகவே எழுதியிருக்கிறார்.

வெள்ளை வயர் நியூட்ரல். விளக்கு எரியும்போதெல்லாம் அதில் மின்சாரம் ஓடும். வெறும் செம்பு அல்லது பச்சை வயர் கிரவுண்ட், ஊரில் நாம் எர்த் என்று சொல்வது. சாதாரண நாளில் அதில் எதுவும் ஓடக் கூடாது. கோளாறு நேரும் அந்த ஒரு கணத்துக்காக மட்டுமே அது காத்திருக்கிறது.

கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீட்டுக்கு வருவது மூன்றே வயர்கள்: இரண்டு ஹாட் (மின்சாரத்தைக் கொண்டுவரும் உயிருள்ள வயர்), ஒரு நியூட்ரல். ஹாட்டுக்கும் ஹாட்டுக்கும் நடுவே 240 வோல்ட், ஒவ்வொரு ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட். கிரவுண்டுக்கென்று நான்காவது வயர் எதுவும் வருவதில்லை. வாஷிங் மெஷினுக்குள் ஹாட் வயர் உரசி அதன் தகரத்தில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மின்சாரம் கிரவுண்ட் வயரில் ஏறிப் பேனலுக்கு வரும். அங்கிருந்து நியூட்ரலுக்குத் தாவினால்தான் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப முடியும். அப்படித் தாவுவதற்கான பாலம்தான் மெயின் பாண்டிங் ஜம்பர். அது இருந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் பிரேக்கர் விழும். அந்தப் பாலம் இருக்க வேண்டிய இடம் சர்வீஸ் டிஸ்கனெக்ட், அதாவது மீட்டருக்கு அடுத்து வீட்டு மின்சாரம் முழுவதையும் அணைக்கும் முதல் சுவிட்ச். பெரும்பாலான வீடுகளில் அது மெயின் பேனலிலேயே இருப்பதால் அங்கே இரண்டும் ஒரே பட்டையில் இருப்பதில் தவறில்லை.

சப்-பேனலிலும் இரண்டையும் சேர்த்தால் நியூட்ரல் மின்சாரத்துக்கு இரண்டு பாதைகள் கிடைத்துவிடும். கராஜில் ஓடும் மின்சாரத்தில் ஒரு பங்கு எப்போதும் கிரவுண்ட் வயரிலும் உலோகக் குழாயிலும் பெட்டியின் தகரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். ஃபீடரின் (மெயினிலிருந்து சப்-பேனலுக்கு வரும் கேபிள்) நியூட்ரல் முனை தளர்ந்தால் மொத்தமும் கிரவுண்டுக்கு மாறிவிடும். விளக்குகள் வழக்கம்போல எரிவதால் யாருக்கும் தெரியாது. கிரவுண்ட் வயரே இல்லாமல் மூன்று வயரில் இழுத்த பழைய சப்-பேனல் என்றால் இன்னும் மோசம். அங்கே நியூட்ரல் அறுந்து, ஏதோ ஒரு விளக்கு போட்டிருந்தால் போதும். பெட்டியும் அதோடு சேர்ந்த அத்தனை உலோகமும் 120 வோல்ட்டில் நிற்கும்.

திருத்தும் முறை இதுதான். முதலில் ஃபீடரில் நான்கு வயர்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்: இரண்டு ஹாட், நியூட்ரல், கிரவுண்ட். அந்தப் பேனலுக்கென்றே தயாரிப்பாளர் விற்கும் கிரவுண்ட் பாரை (கிரவுண்ட் வயர்களுக்கான பட்டை) வாங்கி, பெட்டியின் தகரத்தோடு நேரடியாக முடுக்க வேண்டும். எல்லா வெறும் வயர்களையும் பச்சை வயர்களையும் அதற்கு மாற்ற வேண்டும். வெள்ளை வயர்கள் பிளாஸ்டிக் தாங்கியில் நிற்கும் நியூட்ரல் பாரிலேயே இருக்கட்டும். அந்த பாரைப் பெட்டியோடு இணைக்கும் பச்சை ஸ்க்ரூவையோ தகட்டையோ கழற்ற வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் மறக்கிறார்கள். வயர்களை அழகாகப் பிரித்துவிட்டு ஸ்க்ரூவை விட்டுவைத்தால் அவை பிரியவே இல்லை.

சோதிக்கும்போது ஒரு நுட்பம் உண்டு. மல்டிமீட்டரை வைத்து நியூட்ரல் பாருக்கும் பெட்டிக்கும் நடுவே பார்த்தால் எப்போதும் ‘பீப்’ என்றுதான் கேட்கும். மெயினில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன அல்லவா? ஃபீடரை அணைத்து, சப்-பேனலில் அதன் நியூட்ரலைக் கழற்றிய பிறகு பார்க்க வேண்டும். அப்போதும் பீப் அடித்தால் எங்கோ ஒரு இணைப்பு மிச்சமிருக்கிறது.

உங்கள் கராஜ் வீட்டை ஒட்டாமல் தனிக் கட்டடமாக இருந்தால் அங்கேயும் கிரவுண்ட் ராடு (தரையில் அடிக்கும் உலோகக் கம்பி) வேண்டும். அதன் வயர் கிரவுண்ட் பாரில்தான் சேர வேண்டும், நியூட்ரலில் அல்ல. தனிக் கட்டடத்துக்கு மூன்று வயரில் புதிதாக ஃபீடர் இழுப்பதை 2008 விதிநூல் (அமெரிக்காவின் தேசிய மின் விதிநூலான NEC-யின் 2008 பதிப்பு) நிறுத்திவிட்டது.

தரையில் ராடு அடித்திருக்கிறதே, கோளாறு வந்தால் மின்சாரம் மண்ணுக்குள் போய் பிரேக்கர் விழாதா? (ஒஹாயோ)

விழாது. இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லும் என்பதால் கணக்கோடு சொல்கிறோம். ஒற்றை ராடு போதும் என்று ஏற்க விதிநூல் கேட்கும் அளவு 25 ஓம். ராடு அந்த அளவில் இருப்பதாகவே கொள்வோம். 120-ஐ 25-ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். 15 ஆம்பியர் பிரேக்கருக்கு இது ஒரு சாதாரண வீட்டுச் சாமான் ஓடுகிற மாதிரி. அது நாள் முழுக்க அசையாமல் இருக்கும். மெஷினின் தகரமும் நாள் முழுக்க உயிரோடு இருக்கும்.

மின்சாரம் தேடுவது மண்ணை அல்ல, தான் புறப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரை. ராடு இருப்பது மின்னலுக்காகவும், உயர் அழுத்த வயர் அறுந்து வீட்டு வயர்மேல் விழும் ஆபத்துக்காகவும், வீட்டின் மின் அமைப்பு தரையை ஒட்டிய அழுத்தத்தில் நிலைப்பதற்காகவும்தான். பிரேக்கரை விழவைப்பது பாண்டிங் ஜம்பர்.

பேனலை மாற்றினோம். பழைய பெட்டி இருந்த இடத்தில் ஒரு சின்னப் பையில் பச்சை ஸ்க்ரூ ஒன்று கிடந்தது. எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. அது உபரியா? (டெக்சாஸ்)

இன்றே எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அது மெயின் பாண்டிங் ஸ்க்ரூவாக இருக்கலாம். ஒரே பேனலை மெயினாகவும் சப்-பேனலாகவும் பயன்படுத்தலாம் என்பதால் தயாரிப்பாளர்கள் அதைப் பூட்டாமல் பையில் போட்டுத் தருகிறார்கள். மெயினாக வைத்தால் நியூட்ரல் பாரில் அதற்கென்றே உள்ள துளை வழியாகப் பெட்டியின் முதுகுத் தகரத்தில் இறக்க வேண்டும். சப்-பேனலாக வைத்தால் பையிலேயே விட்டுவிட வேண்டும். உங்கள் வீட்டில் சர்வீஸ் டிஸ்கனெக்ட் வெளிச்சுவரில் தனியாக இருந்தால் அந்த ஸ்க்ரூ பையில் கிடப்பதுதான் சரி. அப்படி இல்லாவிட்டால், வேறு தகடு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

“எல்லாம் நன்றாக வேலை செய்கிறது” என்பதுதான் இதில் பயங்கரம். ஜம்பர் இல்லாத வீட்டில் விளக்கு எரியும், ஏசி ஓடும், எந்தக் குறையும் தெரியாது. கோளாறு வரும் நாளில் மட்டும், மேலே சொன்ன 4.8 ஆம்பியர் கணக்குக்கு வந்து நிற்போம். ஸ்க்ரூ தொலைந்திருந்தால் கையில் கிடைக்கும் வேறொரு ஸ்க்ரூவைப் போடக் கூடாது. அந்தப் பேனலுக்குரியதையே வாங்க வேண்டும். ஸ்க்ரூ பச்சையாக இருக்க வேண்டும், பூட்டிய பிறகும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று விதிநூலின் 250.28 சொல்கிறது.

வெளிச்சுவரில் எமர்ஜென்சி டிஸ்கனெக்ட் வைக்கச் சொல்கிறார்கள். அதனால் உள்ளே இருக்கும் பேனலையும் மாற்றி வயரிங் செய்ய வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், வேண்டாம் என்கிறார் மற்றொருவர்.

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். வைக்கப்போகும் பெட்டியின் லேபிளைப் பாருங்கள். தீயணைப்பு வீரர்கள் வெளியிலிருந்தே மின்சாரத்தை அணைக்க வேண்டும் என்பதற்காக, ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளுக்கு இந்த டிஸ்கனெக்டை 2020 விதிநூல் கட்டாயமாக்கியது (230.85). மாநிலங்கள் விதிநூலை வெவ்வேறு காலத்தில் ஏற்பதால் உங்கள் ஊரில் எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்று பெர்மிட் அலுவலகத்தில் கேளுங்கள்.

வெளிப்பெட்டி ‘சர்வீஸ் டிஸ்கனெக்ட்’ என்று குறிக்கப்பட்டால் பாலம் அங்கே போய்விடும். உள்ளே இருக்கும் பேனல் அந்த நொடியே சப்-பேனலாகிவிடும். நடுவில் நான்கு வயர் கேபிள் வேண்டும், உள்ளே பச்சை ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும், வெள்ளையையும் வெறும் வயரையும் பிரிக்க வேண்டும், ராடிலிருந்து வரும் வயரையும் வெளியே கொண்டுபோக வேண்டும். நிறைய வயர்கள் உள்ள பழைய பேனலில் இது சின்ன வேலையல்ல. வெளிப்பெட்டி ‘எமர்ஜென்சி டிஸ்கனெக்ட், நாட் சர்வீஸ் எக்விப்மென்ட்’ என்று குறிக்கப்பட்டால் பாலம் உள்ளேயே இருக்கும், பேனல் வயரிங் மாறாது. இரண்டில் எதை ஏற்பார்கள் என்பதை இன்ஸ்பெக்டரிடமும் மின் நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு இடத்திலும் பாலம் போட்டுவிட்டுப் போவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை.

மைக்ரோவேவ் போட்டால் சமையலறை விளக்கு மங்குகிறது, ஹால் விளக்கு பளீரென்று அதிகமாக எரிகிறது. பிரேக்கர் எதுவும் விழவில்லை. (ஜார்ஜியா)

இந்தப் பதிலைப் படிக்கும் கையோடு மெயினை அணைத்துவிட்டு, மின் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அழையுங்கள். ஒன்று மங்கினால் அது அதிக லோடாகவும் இருக்கலாம். ஒன்று மங்கும்போது இன்னொன்று பளிச்சிட்டால் சர்வீஸ் நியூட்ரல் (கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் நியூட்ரல்) தளர்ந்துவிட்டது அல்லது அறுந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

ஒரு ஹாட்டின் பக்கத்தில் 1200 வாட் சாதனம், அதன் தடை 12 ஓம். மற்ற ஹாட்டின் பக்கத்தில் 120 வாட் சாதனம், அதன் தடை 120 ஓம். நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை இரண்டுக்கும் தலா 120 வோல்ட். நியூட்ரல் அறுந்தால் இரண்டும் 240 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒரே சங்கிலியில் கோத்துக்கொள்ளும். மொத்தத் தடை 132 ஓம், மின்சாரம் சுமார் 1.8 ஆம்பியர். பெரிய சாதனத்துக்கு ஏறத்தாழ 22 வோல்ட், சின்னச் சாதனத்துக்கு 218 வோல்ட். அந்தச் சின்னச் சாதனம் உங்கள் டிவியாக இருந்தால் அது புகைந்துவிடும். எங்கேயும் அதிக ஆம்பியர் ஓடாததால் பிரேக்கருக்கு விழக் காரணமே இல்லை.

எலெக்ட்ரீசியன் வந்தால் ஒவ்வொரு ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 121, 119 என்றால் கவலை இல்லை. ஒன்று 100, மற்றொன்று 140 என்று வந்து, கூட்டினால் 240 ஆனால் நியூட்ரல்தான் குற்றவாளி. கம்பத்தில் உள்ள கிளாம்ப், மீட்டர் பெட்டியில் உள்ள முனை, பேனலில் உள்ள முனை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். அலுமினிய வயர் முனையில் வெள்ளைப் பூசணம் மாதிரி அரிப்பு இருக்கும்.

தெருவில் உலோகத் தண்ணீர்க் குழாய் இருக்கும் ஊர்களில் இது நீண்ட நாள் மறைந்தே இருக்கும். உங்கள் நியூட்ரல் மின்சாரம் குழாய் வழியே பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்களுடைய நியூட்ரலில் ஏறி டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிவிடும். அந்த நிலையில் குழாயை அறுக்கும் பிளம்பர், அறுந்த இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்தால் முழு மின்சாரமும் அவர் உடலில்தான் பாயும். பிளம்பரிடம் வேலையைக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

எத்தனை ராடு, எவ்வளவு தடிமனான வயர்?

ராடு மட்டும்தான் என்றால் 8 அடி நீளத்தில் இரண்டு, குறைந்தது 6 அடி இடைவெளியில். ஒன்று போதும் என்றால் 25 ஓமுக்குள் இருப்பதை அளந்து காட்ட வேண்டும். அளக்கும் செலவுக்கு இரண்டாவது ராடையே அடித்துவிடலாம் என்பது எங்கள் கருத்து. ராடுக்கு மட்டும் போகும் வயர் 6 கேஜ் செம்பைவிடத் தடிமனாக இருக்கத் தேவையில்லை (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிமன் கூடும்). மண்ணில் 10 அடிக்கு மேல் ஓடும் உலோகத் தண்ணீர்க் குழாய் இருந்தால் அதையும் சேர்த்தே ஆக வேண்டும். கிளாம்ப், குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருந்து 5 அடிக்குள் இருக்க வேண்டும். 200 ஆம்பியர் சர்வீஸுக்கு 4/0 அலுமினியம் வந்தால் குழாய்க்கு 4 கேஜ் செம்பு வேண்டும். தண்ணீர்க் குழாயை மட்டும் நம்பக் கூடாது. ஒரு துண்டு பிளாஸ்டிக்காக மாறினால் போயிற்று.

புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது அஸ்திவாரக் கான்கிரீட்டில் புதைந்த கம்பி. குறைந்தது அரை அங்குல ரீபார், 20 அடி நீளம், சுற்றிலும் 2 அங்குலக் கான்கிரீட், மண்ணோடு நேரடித் தொடர்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசோனாவின் வறண்ட மண்ணில் வெடிமருந்துக் கிடங்குகளுக்காக ஹெர்பர்ட் யூஃபர் உருவாக்கிய முறை இது. அவர் பெயராலேயே எலெக்ட்ரீசியன்கள் இதை யூஃபர் என்கிறார்கள். கான்கிரீட் ஈரத்தை விடாமல் பிடித்துவைப்பதால் ராடைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் கான்கிரீட் ஊற்றும் முன்பே ரீபாரின் ஒரு முனையை வெளியே விட்டு, இன்ஸ்பெக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். ஊற்றிய பிறகு நினைவு வந்து பயனில்லை.

1950களில் கட்டிய வீடு. முன்பு இரண்டு துளை அவுட்லெட்களாக இருந்தவற்றை விற்றவர் மூன்று துளையாக மாற்றியிருக்கிறார். மூன்று விளக்கு டெஸ்டரில் எல்லாமே ‘சரி’ என்று காட்டுகிறது. ஆனால் சுவரில் கிரவுண்ட் வயரே இல்லை என்கிறார் எலெக்ட்ரீசியன். (இல்லினாய்)

எலெக்ட்ரீசியன் சொல்வதை நம்புங்கள். அவுட்லெட்டின் பின்னால் பச்சை ஸ்க்ரூவிலிருந்து வெள்ளி நிற ஸ்க்ரூவுக்கு ஒரு சின்ன வயர்த் துண்டு போட்டிருப்பார்கள். கிரவுண்ட் துளையில் நியூட்ரலே வந்து நிற்பதால் டெஸ்டர் ஏமாந்துபோகிறது. அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் அதில் செருகிய சாதனத்தின் உலோக உடம்பு ஹாட் ஆகிவிடும். ஹாட்டும் நியூட்ரலும் மாறிப் பூட்டப்பட்டிருந்தால் இப்போதே ஹாட்தான். அப்போதும் டெஸ்டர் ‘சரி’ என்றே காட்டும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. அதே அவுட்லெட்டில் 1500 வாட் ஹீட்டரை ஓடவிட்டு, நியூட்ரல் துளைக்கும் கிரவுண்ட் துளைக்கும் நடுவே வோல்ட் அளக்க வேண்டும். 50 அடி தூரத்து 14 கேஜ் செம்பு வயரில் 12.5 ஆம்பியர் ஓடினால் நியூட்ரலில் ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேல் விழும். உண்மையான கிரவுண்ட் என்றால் அது மீட்டரில் தெரியும். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் பின்னால் அந்தத் துண்டு வயர் இருக்கிறது.

அந்தத் துண்டுகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சர்க்யூட்டின் முதல் இடத்திலும் ஜி.எஃப்.சி.ஐ (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் அவுட்லெட்) வைத்து, ‘நோ எக்விப்மென்ட் கிரவுண்ட்’ ஸ்டிக்கர் ஒட்டினால் விதிநூல் ஏற்கும். ஹாட்டும் நியூட்ரலும் சுமப்பதில் 5 மில்லியாம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தாலே ஜி.எஃப்.சி.ஐ துண்டித்துவிடும். மனிதருக்குப் பாதுகாப்பு கிடைக்கும், கிரவுண்ட் கிடைக்காது. கம்ப்யூட்டர் வைக்கும் அறைக்காவது புதிய வயர் இழுங்கள்.

புது வீட்டில் டிரையர் அவுட்லெட் நான்கு துளை, எங்கள் டிரையர் வயரில் மூன்று முனை. வயரை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. 1996 விதிநூலுக்கு முன் டிரையரின் உடம்பை நியூட்ரலோடு இணைக்க அனுமதி இருந்தது. அந்தக் காலத்து மூன்று முனைக்காக டிரையரின் பின்பக்கம் நடு ஸ்க்ரூவிலிருந்து உடம்புக்கு ஒரு சிறு தகடோ வயரோ போகும். நான்கு முனைக் கேபிள் போடும்போது அதைக் கழற்றிவிட்டு, வெள்ளையை நடு ஸ்க்ரூவுக்கும், பச்சையை உடம்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் கொடுக்க வேண்டும். கழற்றாவிட்டால் வீட்டில் இரண்டாவது பாலம் டிரையருக்குள் வந்துவிடும்.

ஜெனரேட்டரை வீட்டோடு இணைத்ததும் அதன் ஜி.எஃப்.சி.ஐ விழுகிறது. தனியாக ஓட்டினால் விழுவதில்லை. (ஃப்ளோரிடா)

ஜெனரேட்டர் கெடவில்லை. அதற்குள் நியூட்ரலும் ஃபிரேமும் சேர்ந்திருக்கின்றன, உங்கள் மெயின் பேனலிலும் சேர்ந்திருக்கின்றன. நடுவே போகும் கேபிளில் நியூட்ரலும் கிரவுண்டும் இணைப் பாதைகளாகிவிட, திரும்பும் மின்சாரத்தில் ஒரு பங்கு கிரவுண்டில் வருகிறது. அதைக் கசிவு என்று எண்ணி ஜி.எஃப்.சி.ஐ துண்டிக்கிறது. பிரேக்கர் இன்டர்லாக் (மெயின் பிரேக்கரும் ஜெனரேட்டர் பிரேக்கரும் ஒரே நேரத்தில் போடப்படாமல் தடுக்கும் தகடு) நியூட்ரலை மாற்றாது என்பதால் அதில் இது வரத்தான் செய்யும். நியூட்ரலையும் மாற்றும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் (வீட்டை மின் நிறுவனத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) வைக்கலாம், அல்லது நியூட்ரல் ஃபிரேமோடு சேராத ஜெனரேட்டர் வாங்கலாம். சில மாடல்களில் உள்ளிருக்கும் ஜம்பரைக் கழற்ற அதன் கையேடே வழி சொல்லும். அப்படிக் கழற்றினால் எழுதி ஒட்டி வையுங்கள். பிறகு அதே ஜெனரேட்டரை முகாமில் தனியாக ஓட்டும்போது ஜம்பர் திரும்பவும் வேண்டும். கேபிளின் கிரவுண்ட் வயரை வெட்டிவிடு என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள்.

ஒரே ஸ்க்ரூவின் கீழ் இரண்டு வெள்ளை வயர் இருக்கலாமா?

கூடாது. நியூட்ரல் ஒவ்வொன்றுக்கும் தனித் துளை வேண்டும் (408.41). கிரவுண்ட் வயர்கள் என்றால், பேனல் கதவின் உட்புற லேபிள் அனுமதித்தால் ஒரே தடிமனில் இரண்டோ மூன்றோ சேரலாம். ஒரு சர்க்யூட்டைப் பழுதுபார்க்க ஸ்க்ரூவைத் தளர்த்தும்போது, அணைக்காத இன்னொரு சர்க்யூட்டின் நியூட்ரலும் கையோடு வெளியே வந்துவிடும் என்பதுதான் காரணம்.